வீக்கத்துக்குப் போடும் மாத்திரை சொரியாசிஸுக்கு ஏன் கேட்பதில்லை?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு முழங்கையிலும் தலையிலும் பல வருடமாக சொரியாசிஸ். சமீபத்தில் விரல் மூட்டுகளில் வலியும் வீக்கமும் வந்திருக்கிறது. டைக்ளோஃபெனாக் சாப்பிட்டால் மூட்டு கொஞ்சம் அடங்குகிறது, தோலில் உள்ள படை இம்மியும் அசைவதில்லை. இரண்டுமே அழற்சி என்கிறார்கள், டைக்ளோஃபெனாக் அழற்சி எதிர்ப்பு மருந்து என்கிறார்கள், அப்புறம் ஏன் ஓரிடத்தில் கேட்டு இன்னோரிடத்தில் கேட்கவில்லை? தோலில் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் எப்படித்தான் பார்க்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், தோல் சிவந்து தடிப்பதற்குப் பல பாதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு மருந்தும் அதில் ஒன்றையோ சிலவற்றையோதான் அடைக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிவதுதான் சிக்கல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயை முழுக்கப் புரிந்துகொண்டுதான் மருந்து செய்வார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், தோல் விஷயத்தில் பல தடவை அது தலைகீழாக நடந்திருக்கிறது: வேறு எதற்கோ கொடுத்த மருந்தில் படை மறைந்தது, அதைப் பார்த்த பிறகுதான் அந்த நோய் என்ன நோய் என்றே தெரிந்தது.

முதலில் உங்கள் கையிலேயே பார்க்கக்கூடிய ஒன்று. முன்கையின் உட்புறத்தில் ஒரு ஸ்கேல் ஓரத்தால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். சில நொடிகளில் கோடு சிவக்கும். கொஞ்ச நேரத்தில் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒழுங்கில்லாத ஓரத்தோடு ஒரு சிவப்பு பரவும். அதற்கப்புறம் கோடு இருந்த இடம் மெல்ல மேடாகும் (எல்லோருக்கும் இந்த மூன்றாவது தெளிவாக வராது, கறுத்த தோலில் இரண்டாவது சரியாகத் தெரியாது, சிலருக்கோ தோலில் பெயரே எழுதலாம்). 1920களில் லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் இதையே வருடக்கணக்கில் உட்கார்ந்து ஆராய்ந்து 1927-ல் ஒரு பெரிய புத்தகமாகவே போட்டார். அவர் காட்டியது, அந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள். முதல் சிவப்பு, அடிபட்ட இடத்து நுண்குழாய்கள் விரிவதால் வருவது. பரவும் சிவப்பு நரம்பு வழியாக வருவது. மேடு, குழாயிலிருந்து நீர் கசிவதால் வருவது. அலர்ஜியின்போது உடம்பு விடும் ஹிஸ்டமின் போன்ற ஏதோ ஒரு பொருள் தோலிலேயே வெளியாகிறது என்று அவர் சொன்னார், அது பெரும்பாலும் ஹிஸ்டமினே என்பது பின்னால் தெளிவானது.

நரம்புதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பூசினால் அங்குள்ள வலி நரம்பு முனைகள் கொஞ்ச நாளைக்குச் செயலிழந்துவிடும். அப்புறம் அதே இடத்தில் ஹிஸ்டமினை ஊசியால் ஏற்றினால் மேடு வரும், பரவும் சிவப்பு வராது. ஹங்கேரியில் யாஞ்சோ என்பவரின் ஆய்வுக்கூடம் கேப்சைசினை வைத்து இப்படி நரம்புவழி அழற்சி என்ற துறையையே உண்டாக்கியது. ஆக, ஒரே ஒரு கீறலுக்குள்ளேயே ஒரு மருந்தால் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுக்க முடிகிறது. கீழே நான் சொல்லப்போகும் எல்லா ஆராய்ச்சிக்கும் அடிப்படை உத்தி இதுதான்: ஒன்றை அடைத்துப் பார், எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று கவனி.

செட்ரிசின் மாதிரியான அலர்ஜி மாத்திரைகளை இன்றைக்கும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள். ஹிஸ்டமினைத் தோலில் குத்தி, எழும்பும் தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து பரப்பளவை அளந்து, மாத்திரை கொடுத்த பிறகு மறுபடி குத்தி அளப்பது. காணாக்கடிக்கு (அர்ட்டிகேரியா என்ற திடீர்த் தடிப்புக்கு) இந்த அளவு ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அங்கே வேலை செய்வது பெரும்பாலும் ஹிஸ்டமின். ஆனால் கரப்பானில் (எக்ஸீமாவில்) வரும் அரிப்பு பெரும்பாலும் ஹிஸ்டமினால் வருவதில்லை. இண்டர்லூகின்-31, இண்டர்லூகின்-4, 13 என்று வேறு சில புரதங்கள் நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. அதனால்தான் கரப்பான் குழந்தைக்கு அலர்ஜி மாத்திரை கொடுத்தால் பெரிதாக அரிப்பு குறைவதில்லை. பழைய தலைமுறை மாத்திரையாக இருந்தால் குழந்தை தூங்கிவிடும், நாமும் மருந்து கேட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

இப்போது டைக்ளோஃபெனாக்குக்கு வருவோம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், இண்டோமெத்தசின், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். இவை காக்ஸ் என்ற நொதியை அடைத்து, வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. 1971-ல் ஜான் வேன் இதைக் காட்டினார், 1982-ல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தோலில் புரோஸ்டாகிளாண்டினுக்கு வேலை இருக்கிறதா என்றால் இருக்கிறது, வெயில் சுட்டுச் சிவக்கும்போது. முதுகிலோ பிட்டத்திலோ சின்னச் சின்னச் சதுரங்களாகப் படிப்படியாகக் கூடும் அளவில் புற ஊதாக் கதிரைக் காட்டி, மறுநாள் எந்த அளவிலிருந்து சதுரங்கள் சிவந்திருக்கின்றன என்று பார்ப்பது ஒரு பழைய சோதனை. 1970களில் அந்த இடங்களில் இண்டோமெத்தசினைப் பூசிப் பார்த்தபோது முதல் நாள் சிவப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் கதிர் டிஎன்ஏவுக்குச் செய்த சேதம் செய்ததுதான், சிவப்பு குறைந்ததால் அது சரியாகிவிடாது. அதாவது, அந்தச் சிவப்பில் ஒரு பங்கு புரோஸ்டாகிளாண்டினுடையது, அந்தப் பங்கை மட்டும் மருந்து எடுத்துக்கொண்டுபோனது.

சொரியாசிஸ் படையில் புரோஸ்டாகிளாண்டின் ஓட்டுநர் இடத்தில் இல்லை, ஓட்டுவது டி செல்களும் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) அவை விடும் புரதங்களும். டைக்ளோஃபெனாக் அவற்றைத் தொடுவதில்லை. மூட்டிலும் அடிப்படை நோயை அது தொடுவதில்லை, அங்கே வலியையும் வீக்கத்தின் ஒரு பகுதியையும் புரோஸ்டாகிளாண்டின் உண்டாக்குவதால் உங்கள் அம்மாவுக்கு ஆறுதல் கிடைக்கிறது, அவ்வளவுதான். இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சொரியாசிஸ் உள்ளவருக்கு விரல் மூட்டு வீங்கினால் அது வயதுக்கு வரும் மூட்டு தேய்மானம்தான் என்று விட்டுவிடாதீர்கள். சொரியாசிஸோடு சேர்ந்தே வரும் மூட்டு வாதம் ஒன்று உண்டு, வலி மாத்திரையில் வலி அடங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கும். காலையில் எழுந்ததும் விறைப்பு வெகுநேரம் விடாமல் இருக்கிறதா, நகத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கின்றனவா, ஒரு விரல் முழுசாகத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். தோலுக்கு ஒரு மருத்துவர், மூட்டுக்கு ஒரு மருத்துவர் என்று காட்டிக்கொண்டிருந்தால் இருவரிடமும் மற்றதைச் சொல்லுங்கள். வாத நோய் நிபுணரைப் பார்ப்பது இன்னும் நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. காக்ஸை அடைத்தால் புரோஸ்டாகிளாண்டினாக மாறவேண்டிய மூலப்பொருள், அழற்சியைத் தூண்டும் இன்னொரு பொருளான லியூகோட்ரையீன் பக்கம் அதிகமாகத் திரும்பலாம். நாட்பட்ட காணாக்கடி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரினோ இபுப்ரோஃபெனோ போட்டால் தடிப்பு மோசமாவதற்கு இது ஒரு காரணம். அழற்சி எதிர்ப்பு மருந்தே தடிப்பைக் கூட்டுகிறது, புரிகிறதா? அப்புறம், மூட்டுக்குத் தேய்க்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைப் பற்றி யாராவது கேட்பீர்கள்: அதில் தோல் வெறும் வாசல், மருந்து போய்ச்சேர வேண்டிய இடம் அடியில் இருக்கும் மூட்டு.

சரி, ஸ்டீராய்டு. 1948-ல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் மூட்டு வாத நோயாளிக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டு எல்லோரையும் அசரவைத்தார், இரண்டே வருடத்தில் நோபல் பரிசு. உடனே அதைத் தோலில் பூசிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கார்ட்டிசோன் அப்படியே வேலை செய்யாது, உடலுக்குள் முக்கியமாகக் கல்லீரலில் ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற வேண்டும். 1952-ல் நியூயார்க்கில் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனையே நேராகப் பூசினார்கள், கரப்பான் அடங்கியது. தோல் மருத்துவத்தை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்கலாம் என்று பழைய மருத்துவர்கள் சொல்வது மிகையில்லை, அதற்கு முன்பு கையில் இருந்தது தார், துத்தநாகப் பசை, குளிர்ந்த ஒத்தடம் இவ்வளவுதான்.

ஸ்டீராய்டு ஏன் இத்தனை விதமான தோல் நோய்க்கும் கேட்கிறது என்றால், அது செல்லின் உட்கருவுக்கே போய்விடுகிறது. செல்லுக்குள் தனக்கென இருக்கும் ஏற்பியோடு சேர்ந்து உள்ளே நுழைந்து, அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-காப்பாபி, ஏபி-1 போன்றவற்றின் கையைக் கட்டிவிடும், புரோஸ்டாகிளாண்டினுக்கு மூலப்பொருளை எடுத்துக்கொடுக்கும் நொதியையும் தளர்த்திவிடும், ரத்தக்குழாயைச் சுருக்கும், வெள்ளணுக்கள் வந்து சேர்வதைக் குறைக்கும். ஒரு லைட்டை அணைக்க வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்குவது மாதிரி. தோலின் கொலாஜன் உற்பத்தியும் அதே சுவிட்சில்தான் இருக்கிறது, அதனால்தான் வீரியமான களிம்பை மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய்கள் தெரிய ஆரம்பிக்கிறது.

இந்தக் களிம்புகளின் வீரியத்தை எப்படி அளந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கதை. 1962-ல் மெக்கன்சி, ஸ்டௌட்டன் என்ற இருவர் ஸ்டீராய்டுகளை ஆல்கஹாலில் கரைத்து, நோயே இல்லாத ஆட்களின் முன்கையில் சொட்டு சொட்டாக வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரவு முழுக்க விட்டு மறுநாள் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து பட்ட இடம் வெளுத்திருந்தது. எவ்வளவு குறைந்த அளவில் வெளுக்கிறதோ அவ்வளவு வீரியம், அவ்வளவுதான் சோதனை. யோசித்துப் பாருங்கள், அழற்சியே இல்லாத தோலில் அழற்சி மருந்தின் சோதனை! ஆனாலும் நோயாளிகளிடம் கிடைத்த பலனோடு இது ஆச்சரியமாக ஒத்துப்போனது. ஹைட்ரோகார்ட்டிசோனிலிருந்து குளோபெட்டசோல் வரை மருத்துவர்கள் வைத்திருக்கும் வீரிய வரிசைக்குப் பின்னால் இந்த வெளுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கம்பெனியின் களிம்பும் இன்னொரு கம்பெனியின் களிம்பும் சமம்தானா என்று பார்க்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1995-ல் இதையே வழிமுறையாக்கியது.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய குருட்டுப் பக்கம் இருக்கிறது. டாக்ரோலிமஸ் களிம்பை இதில் வைத்தால் வெளுக்காது. ஜப்பானில் சுகுபா பக்கத்து மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியில் 1984-ல் கண்டுபிடித்த மருந்து அது, முக்கியமாக டி செல்லைக் குறிவைக்கும், கரப்பானுக்கு நன்றாகக் கேட்கும், தோலை மெலியவும் வைக்காது. வெளுப்புச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அதைக் குப்பையில் போட்டிருப்போம். அளவுகோல் ஸ்டீராய்டைப் பார்த்துச் செய்தது, அது ஸ்டீராய்டை மட்டுமே பார்க்கும். கறுத்த தோலில் வெளுப்பைக் கண்ணால் பிரித்தறிவதும் கஷ்டம், அதனால் நிறமானி வைத்து அளக்கிறார்கள்.

வீரியத்தோடு கூடவே இடமும் முக்கியம். 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் கதிரியக்கக் கார்பன் சேர்த்த ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் வெவ்வேறு இடங்களில் பூசி, சிறுநீரைச் சேகரித்து எவ்வளவு உள்ளே போனது என்று கணக்கிட்டார்கள். முன்கையை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14, உள்ளங்கை 0.83, தலை 3.5, நெற்றி 6, தாடை ஓரம் 13, விதைப்பை 42. முழங்கைக்கு எழுதிக்கொடுத்த களிம்பை முகத்திலும் தொடை இடுக்கிலும் போடுகிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை மறுபடி படிக்கவும்.

எலிக்கு வருவோம். நேர்வாளக் கொட்டை தெரியும்தானே, சித்த மருத்துவத்தில் கடும் பேதிக்குப் பேர்போனது? அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும். அந்த எண்ணெயைச் சுண்டெலியின் காதில் தடவி, சில மணி நேரம் கழித்துக் காதின் தடிமனை அளப்பதோ வட்டமாக வெட்டி எடை போடுவதோ 1960களிலிருந்து நடக்கும் சோதனை. எண்ணெயில் இருந்த சரக்கு ஃபார்பால் எஸ்டர் என்று ஹைடெல்பெர்கில் ஹெக்கர் குழு பிரித்தெடுத்த பிறகு, சுத்தமான அந்தப் பொருளையே தடவுகிறார்கள். மலிவு, வேகம், ஒரே நாளில் பத்து மருந்தை ஒப்பிடலாம்.

மஞ்சள், வேம்பு, துளசி, குப்பைமேனி என்று எந்தச் சாற்றைப் பற்றியும் 'அழற்சியைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்டது' என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் இந்தக் காது சோதனையோ, எலியின் பாதத்தில் கடல்பாசிப் பசையான கராஜீனனை ஊசியால் ஏற்றி வீங்கவைக்கும் சோதனையோதான் இருக்கும். நான் அதைப் பொய் என்று சொல்லவில்லை. என்ன அளந்தார்கள் என்று பாருங்கள் என்கிறேன். எரிச்சல் பொருளைத் தடவும் முன்பே மருந்தைத் தடவியிருந்தால், அதே நேரத்தில் தடவியிருந்தால், மருந்து அழற்சியைக் குறைத்ததா அல்லது எரிச்சல் பொருள் உள்ளே போவதையே தடுத்ததா? சில மணி நேர வீக்கத்தைக் குறைப்பதும் இருபது வருடப் படையைக் குறைப்பதும் ஒன்றா? இந்த இரண்டு கேள்வியில் பாதி ஆய்வுகள் உதிர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

சொரியாசிஸுக்கு நெருக்கமாக ஒரு எலி மாதிரி வேண்டும் என்று வெகுகாலம் தேடினார்கள், எலிக்கு அந்த நோய் இயல்பாக வருவதில்லை. மரு முதலியவற்றுக்குப் போடும் இமிக்விமோட் க்ரீம் சில நோயாளிகளிடம் சொரியாசிஸைக் கிளப்பிவிட்டதைப் பார்த்து, 2009-ல் ரோட்டர்டாமில் ஒரு குழு அதையே ஷேவ் செய்த எலி முதுகில் தினமும் தடவியது. சில நாளில் சிவந்து, தடித்து, செதிலும் வந்தது, இண்டர்லூகின்-23, 17 பாதை வழியாகத்தான் வருகிறது என்றும் காட்டினார்கள். அதற்கப்புறம் எல்லா ஆய்வுக்கூடமும் இதைப் பிடித்துக்கொண்டது. 2013-ல் இன்னொரு குழு, க்ரீமில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் ஐசோஸ்டியரிக் அமிலமே தனியாக அழற்சியை உண்டாக்குகிறது என்று காட்டியது. எலித்தோல் வேறு, மனிதத்தோல் வேறு என்பதும் இருக்கிறது. அதன் மேல்தோல் இரண்டு மூன்று அடுக்கு செல்தான், மயிர் அடர்த்தி, மேல்தோலில் மனிதரிடம் இல்லாத ஒரு வகை டி செல்லும் உண்டு. எலி வழி காட்டும், தீர்ப்பு சொல்லாது.

தீர்ப்பு சொன்னது நோயாளிகளும் மருந்துகளும். 1970களில் சொரியாசிஸ் என்றால் மேல்தோல் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகும் நோய் என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். மெத்தோட்ரெக்சேட் கேட்டது, அது செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து, எனவே கணக்கு சரியாகத்தான் இருந்தது. 1979-ல் சைக்ளோஸ்போரினை மூட்டு நோய்க்குச் சோதிக்கும்போது, அதில் சொரியாசிஸும் இருந்தவர்களின் தோல் பளிச்சென்று ஆனது. சைக்ளோஸ்போரின் டி செல்லை அடக்கும் மருந்து. அப்போ இது தோல் செல்லின் நோயா, டி செல்லின் நோயா? சைக்ளோஸ்போரின் தோல் செல்லையும் கொஞ்சம் பாதிக்கும் என்று எதிர்த்தரப்பு வாதாடியது, நியாயமான வாதம்தான். 1995-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் காட்லீப், க்ரூகர் குழு இதற்கு ஒரு தந்திரமான பதில் கண்டுபிடித்தது. டிப்தீரியா நச்சை இண்டர்லூகின்-2 உடன் ஒட்டி ஒரு மருந்து, அது முடுக்கிவிடப்பட்ட டி செல்லை மட்டுமே கொல்லும், தோல் செல்லைத் தொடாது. அதைக் கொடுத்தும் படை மறைந்தது. வாதம் பெரும்பாலும் அதோடு முடிந்தது.

அப்புறம் எந்த டி செல், எந்தப் புரதம் என்ற கேள்வி. ஆரம்பத்தில் இண்டர்ஃபெரான்-காமா, அதைத் தூண்டிவிடும் இண்டர்லூகின்-12 இவைதான் குற்றவாளிகள் என்று எண்ணி, 12-ஐப் பிடிக்கும் ஒரு எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) செய்தார்கள். அது அருமையாக வேலை செய்தது, ஆனால் காரணம் வேறு. இண்டர்லூகின்-12 இரண்டு துண்டுகளால் ஆனது, அதில் ஒரு துண்டு, புதிதாக 2000-ல் கண்டுபிடித்த இண்டர்லூகின்-23-லும் இருக்கிறது என்று தெரியவந்தது. மருந்து பிடித்தது அந்தப் பொதுத் துண்டை. 2009-ல் அனுமதி பெற்ற உஸ்டெகினுமாப் அதுதான். பின்னால் 23-ஐ மட்டும் பிடிக்கும் மருந்துகள் வந்து அதைவிட நன்றாகவே வேலை செய்தன. இண்டர்ஃபெரான்-காமாவை மட்டும் அடைத்துப் பார்த்த சின்னச் சோதனையில் பெரிய பலன் இல்லை. தவறான ஆளைத் துரத்திப்போய் சரியான ஆளைப் பிடித்த கதை. 23-ன் கீழே வேலை செய்யும் 17-ஐ அடைக்கும் செகுகினுமாப் 2015-ல் வந்தது, பலருக்குப் படை சுவடில்லாமல் போனது.

இந்தச் சோதனைகளில் தோலை எப்படிப் பார்க்கிறார்கள் என்றால், மருந்துக்கு முன்னும் பின்னும் சில மில்லிமீட்டர் விட்டத்தில் தோலை வட்டமாக வெட்டியெடுத்து (பஞ்ச் பயாப்சி), மேல்தோல் தடிமன், வெள்ளணு எண்ணிக்கை, எந்தெந்த மரபணு ஓடிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் பார்ப்பார்கள், எது முதலில் அடங்குகிறது எது கடைசியில் அடங்குகிறது என்ற வரிசைதான் அதில் தங்கம். வெளியே மதிப்பெண் போடுவது 1978-ல் வந்த பாசி (PASI) என்ற அளவுகோல்: சிவப்பு, தடிப்பு, செதில், பரப்பு எல்லாம் சேர்த்து 0 முதல் 72 வரை. நம் நிறத்துக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோதான் தெரியும், பழகாத கண் குறைத்து மதிப்பெண் போட்டுவிடும். நோய் அடங்கிய பின் நிற்கும் கறுப்புத் தழும்பை நோய் என்று நினைத்துக் களிம்பைத் தொடர்கிறவர்களும் உண்டு.

கரப்பானை எடுத்துக்கொண்டால் படமே வேறு. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் ஃபிலாகிரின் என்ற தோல் புரதத்தின் மரபணுக் குறை கரப்பானுக்குப் பெரிய காரணம் என்று காட்டினார்கள். வெளிச்சுவரே ஓட்டையாக இருக்கிறது, அதன் பின்னால்தான் அழற்சி. அங்கே ஓட்டுவது இண்டர்லூகின்-4-உம் 13-உம், அவற்றை அடைக்கும் டுப்பிலுமாப் 2017-ல் வந்தது. சொரியாசிஸில் கலக்கிய செகுகினுமாபைக் கரப்பானில் சோதித்தார்கள், தேறவில்லை. இதைவிடச் சுவாரசியம், டுப்பிலுமாப் எடுக்கும் கரப்பான்காரர்கள் சிலருக்கு சொரியாசிஸ் போன்ற படை வருகிறது, 17-ஐ அடைக்கும் மருந்து எடுக்கும் சொரியாசிஸ்காரர்கள் சிலருக்குக் கரப்பான் போன்றது வருகிறது. ஒன்றை அழுத்தினால் மற்றது எழுகிறது. இரண்டும் ஒரே அழற்சியாக இருந்திருந்தால் இப்படி நடக்க வழியே இல்லை.

மருந்தை நிறுத்தினால் படை ஏன் அதே முழங்கையில் அதே வடிவத்தில் திரும்புகிறது என்று பலர் கேட்பார்கள். 2004-ல் சூரிச்சில் ஒரு சோதனை செய்தார்கள். சொரியாசிஸ் நோயாளியின் உடம்பில் படை இல்லாத, பார்க்க நன்றாக இருந்த தோலை எடுத்து, நோயெதிர்ப்பு செல்கள் இல்லாத எலியில் ஒட்டினார்கள். வெளியிலிருந்து ஒரு மனித ரத்த அணுவும் சேர்க்காமலே அந்தத் தோலில் சொரியாசிஸ் முளைத்தது. அதாவது நோயை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் தோலுக்குள்ளேயே குடியிருந்தன. 2006-ல் பாஸ்டனில் ரேச்சல் கிளார்க் குழு கணக்குப் போட்டபோது நம் தோலில் ஏறத்தாழ 2,000 கோடி டி செல்கள் இருப்பதாக வந்தது, ரத்தத்தில் ஓடுவதைப்போல் இரண்டு மடங்கு. இன்றைய மருந்துகள் அவற்றை வாயடைக்கின்றன, பெரும்பாலும் வெளியேற்றுவதில்லை.

கடைசியாக, இந்த விஷயம் நம் ஊரில் கையைச் சுடும் இடம். படர்தாமரையும் சிவப்பாக, அரிப்பாகத்தான் வரும். அங்கே அழற்சி என்பது பூஞ்சையோடு உடம்பு போடும் சண்டை. அதில் ஸ்டீராய்டைப் பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். வழக்கமான வட்ட வடிவம் கலைந்து, மருத்துவரே அடையாளம் காணத் தடுமாறும் அளவுக்கு உருமாறும், 1968-லேயே இதற்கு மருத்துவத்தில் தனிப்பெயர் வைத்துவிட்டார்கள். மெடிக்கல் ஷாப்பில் 'அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்' என்றால் கிடைக்கும் ட்யூபில் குளோபெட்டசோலோ பீட்டாமெத்தசோனோ, கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தே இருக்கும். 2018-ல் பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது, கடையில் நிலைமை என்ன என்பது உங்களுக்கே தெரியும். இதற்கிடையில் டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை இங்கே பரவி, 2020-ல் இந்தியாவின் பெயரையே சேர்த்து ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரும் வாங்கிவிட்டது. இந்தக் கலவைக் களிம்புகள் அதற்கு வழிவிட்டன என்று தோல் மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள்.

அதனால் ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளுவோசினோலோன் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, என்ன நோய் என்று தெரியாமல் பூசாதீர்கள். படையைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும், செலவும் குறைவு, அதைக் கேளுங்கள். ஏற்கனவே முகத்தில் மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் ஒரே நாளில் நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பலமடங்காகத் திரும்பும், மருத்துவரிடம் கேட்டு அவர் சொல்லும் விதத்தில் விடுங்கள். அம்மாவுக்கு யாராவது படை சீக்கிரம் போக ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போடலாம் என்றால் தோல் மருத்துவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள், சொரியாசிஸில் அதை நிறுத்தும்போது உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாக வெடித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வரலாம்.